மயான காண்டத்தில் ஒரு தீர்ப்பு

செய்யாத குற்றத்துக்குத் தண்டனை என்றதும் பழைய இந்திப் பட ரசிகர்கள் பி.ஆர். சோப்ராவின் 'கானூன்' படத்தைச் சொல்வார்கள். 1960-இல் வந்த, பாட்டே இல்லாத படம். திருடப் போன இடத்தில் கொலைப் பழியைச் சுமக்கும் காலியாவாக நானா பால்சிகர், பயத்தில் உடம்பே சுருங்கிப்போய்க் கூண்டில் நிற்பார். ஃபிலிம்பேர் விருது அவரைத் தேடிப் போனது நியாயம்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு அதைவிட மேலானது, உத்திரமேரூர், பெருநகர், செய்யாறு பக்கத்துக் கூத்துக்காரர்கள் விடிய விடிய ஆடும் 'அரிச்சந்திரா'. அதிலும் மயான காண்டம்.

சந்திரமதி அடிமையாக விலைபோனவள். பாம்பு கடித்துச் செத்த மகனை மயானத்துக்குத் தூக்கி வருகிறாள். கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி வைத்தால்தான் எரிக்கலாம் என்கிறான் சுடலை காக்கிறவன். அவன்தான் அவள் புருஷன், ஒருகாலத்தில் ராஜாவாக இருந்த அரிச்சந்திரன். அந்தக் கூலிக்காக எஜமான் வீட்டுக்கு ஓடுகிறவள், வழியில் கிடக்கும் பிள்ளைப் பிணத்தைத் தன் பிள்ளையென்று எண்ணி எடுத்து அழுகிறாள். அது கள்வர் கொன்று போட்ட காசி ராஜாவின் மகன். கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. கேட்க நாதியற்றவள் என்பதால் விசாரணையும் நீளவில்லை. தலையை வெட்டு என்கிறான் ராஜா. அந்த வேலை படிப்படியாக இறங்கி வந்து அரிச்சந்திரன் கையில் விழுகிறது.

இங்கேதான் கூத்தின் தொழில் திறமையைப் பார்க்க வேண்டும். ராஜ வேடமென்றால் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் சேர்ந்து ஆளை இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். சுழன்று ஆடினால் தரை அதிரும். அவை ஒன்றும் இல்லாமல், கம்பளியும் கோலுமாக மயானத்தில் அரிச்சந்திரன் நிற்கும்போது அவன் இழந்ததை வசனம் சொல்லவே வேண்டாம். சந்திரமதி வேடம் கட்டிய ஆண், ஊர்ச் சாவு வீடுகளில் கேட்கும் அதே மெட்டில் ஒப்பாரி வைப்பார். முகவீணை அந்தக் குரலை விடாமல் பின்தொடரும். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்கள் அழுவது சந்திரமதிக்காக மட்டும் இல்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு வாள். நல்ல நடிகர் இந்த இடத்தில் கத்தமாட்டார். மிருதங்கம் ஓய்ந்து தாளம் மட்டும் கேட்கும்போது, வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுப் பக்கம் ஒருமுறை திரும்பி, மெல்ல நடந்து வருவார். அவள் குற்றமற்றவள் என்று அவருக்குத் தெரியும். 'கானூன்' வக்கீலுக்கும் தன் கட்சிக்காரன் கொலைகாரன் அல்ல என்று தெரியும். ஆனால் அவருக்குப் பேச ஒரு கோர்ட் இருந்தது. இவருக்கு இருப்பது உத்தரவு மட்டும்தான். தப்பான தீர்ப்பின் முழுப் பாரமும் அதை எழுதிய ராஜாவை விட்டுவிட்டு, நிறைவேற்றுகிறவன் தோளில் வந்து உட்காருவதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிய வேறொரு நாடகத்தை நான் பார்த்ததில்லை.

'கானூன்' கடைசியில் உருவ ஒற்றுமை என்ற ஒரு தந்திரத்தால் முடிச்சை அவிழ்த்துவிடும். அங்கே படம் எனக்குச் சற்றுச் சிறுத்துப்போகிறது. கூத்திலும் வாள் மாலையாகிறதே, அதுவும் தப்பிக்கும் வழிதானே என்று கேட்கலாம். இல்லை. ஓங்கிய வாளை அவன் இறக்கிவிட்டான். மாலையானது சாமி செயல். வெட்டியது அவன் செயல். 1913-இல் ஃபால்கே தன் முதல் படத்துக்கு அரிச்சந்திரன் கதையை எடுத்தார். தமிழில் பி.யு. சின்னப்பாவும் பிறகு சிவாஜியும் நடித்தார்கள். ஆனால் அந்த நாலடி நடைக்கு இத்தனை நேரம் கொடுக்கக் கூத்துக்குத்தான் மனசு வரும்.

இந்தக் காட்சி வருவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும், பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும். பக்கத்து ஊரில் 'அரிச்சந்திரா' என்று கேள்விப்பட்டால் போய் உட்காருங்கள். வாள் இறங்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.