இடம் தவறிய டிஎன்ஏ

செல்லுக்குள் டிஎன்ஏவின் இடம் உட்கரு; கொஞ்சம் மைட்டோகாண்ட்ரியாவில். வெளியே சைட்டோபிளாசத்தில் தென்பட்டால் ஏதோ விபரீதம், ஒருவேளை ஹெர்பிஸ் வைரஸ். அதைக் கண்டுபிடிப்பது சி-காஸ் என்ற புரதம். 2013-இல் டல்லாஸில் ஜிஜியன் சென் குழு அடையாளம் காட்டியது. எனக்கு அதில் பிடித்தது, அது எழுத்துவரிசையைப் படிப்பதே இல்லை என்பதுதான். எந்த வைரஸானாலும் சரி, இரட்டை இழை டிஎன்ஏ அகப்பட்டதும் பற்றிக்கொள்கிறது. நம் சொந்த டிஎன்ஏ கசிந்தாலும் விடாது, ஆபத்தும் அங்கேதான். பற்றியதும் சி-காஸின் வடிவம் சற்றே மாறுகிறது. ஏடிபி, ஜிடிபி என்ற இரண்டு மூலக்கூறுகளை வளையமாகக் கோத்து, சிஜிஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறைச் செய்கிறது. அது ஸ்டிங் புரதத்தைத் தட்டி எழுப்ப, இன்டர்ஃபெரான் சுரக்கிறது, அழற்சி மூள்கிறது. எவ்வளவு நேர்த்தி! அதே சிஜிஏஎம்பி ஒட்டியிருக்கும் அடுத்த செல்லுக்கும் கசிந்து, வைரஸ் போய்ச் சேருமுன்பே அதை உஷார்படுத்திவிடுகிறது.