வேப்பம் புகையும் பகல் நுளம்பும்

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் நெல்லியடியிலும் அதைச் சூழ்ந்த கரவெட்டிப் பகுதிக் கிராமங்களிலும் பொழுதுபட நுளம்புக்குப் புகை போடுவது பழைய வழக்கம். பொச்சுமட்டையைத் தணலாக்கி, அதன்மேல் அரைகுறையாகக் காய்ந்த வேப்பிலையையோ நொச்சியிலையையோ போடுவார்கள். ஈரம் இருப்பதால் இலை சுவாலைவிட்டு எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். மாட்டுக்கொட்டிலுக்கும் விறாந்தைக்கும் அதுவே காவல்.

இம்முறையின் முதல் பலம் செலவின்மை. வளவில் நிற்கும் வேம்புக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வேம்புக்கு ஆய்வின் ஆதரவும் ஓரளவு உண்டு. 1993இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், தேங்காயெண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசியவர்களை அனோபிலிஸ் நுளம்புகள் 12 மணி நேரம் கடிக்கவில்லை. ஆனால் அனோபிலிஸ் பரப்புவது மலேரியாவை. மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு 2016இல் சான்றளித்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இன்று மாரிக்காலந்தோறும் தலைதூக்குவது டெங்கு.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் பகலில் கடிப்பது; காலையிலும் பொழுதுபட முன்னரும் அதன் கடி மிகும். இருட்டிய பின் போடும் புகை கியூலெக்ஸ் போன்ற இரவு நுளம்புகளுக்கே பொருந்தும். பூசும் வாசனை எண்ணெய்களோ விரைவில் ஆவியாகிவிடுகின்றன. 2002இல் அமெரிக்காவில் ஈடிஸ் நுளம்புகளைக் கொண்டு நடத்திய சோதனையில், சிற்றனெல்லா எண்ணெய் கலந்த பூச்சுகள் 20 நிமிடங்கூடத் தாங்கவில்லை. யூக்கலிப்டஸ் எண்ணெய்ப் பூச்சொன்று சுமார் இரண்டு மணி நேரம் காத்தது. 23.8 சதவீத டீட் கலந்த செயற்கைப் பூச்சு ஐந்து மணி நேரம் காத்தது.

தாவரம் என்பதாலேயே தீங்கற்றது என்பதும் சரியல்ல. ஒரு நுளம்புத்திரி எரியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. வேப்பிலைப் புகையிலும் நுண்துகள்கள் உண்டு. மூடிய அறையில் அது குழந்தைக்கும் ஆஸ்துமா நோயாளிக்கும் கேடு. வேப்பெண்ணெயைக் குடித்த குழந்தைகள் நஞ்சேறிப் பாதிக்கப்பட்டதும் உண்டு.

செயற்கை மருந்துகளும் குறையற்றவை அல்ல. திரியிலுள்ள பைரித்ராய்டு, செவ்வந்தி இனப் பூவொன்றின் நஞ்சைப் பின்பற்றி ஆக்கப்பட்டது. பல நாடுகளில் ஈடிஸ் அதற்கு எதிர்ப்பைப் பெற்றுவிட்டது. எனவே பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதன் செறிவும் காக்கும் நேரமும் சோதித்து அறியப்பட்டவையா என்பதே முக்கியம். வீட்டில் மூட்டும் புகைக்கு அந்த அளவுகோல் இல்லை.

எந்த விரட்டியும் நுளம்பின் பெருக்கத்தைக் குறைப்பதில்லை. ஈடிஸ் குடம்பிகள் சிரட்டையிலும் டயரிலும் மட்டுமன்றி, கரையோரத்துக் கைவிடப்பட்ட கிணறுகளின் உவர் நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்ட ஆய்வு 2011இல் காட்டியது. ஆகவே புகையும் எண்ணெயும் திறந்த வெளியில் சிறிது நேரத் துணையாகலாம். டெங்குக் காலத்தில் சோதிக்கப்பட்ட பூச்சைப் பகலில் பூசுவதும், பகலில் உறங்கும் குழந்தைக்கு நுளம்பு வலையும், தேங்கிய நீரை அகற்றுவதும் தேவை. இவற்றின் இடத்தை வேப்பம் புகை நிரப்பாது.