ஆட்டிசமும் தொடர்ப்பொருள் உணர்தலும்: சோதனைமுறை குறித்த ஓர் இலக்கணத் திறனாய்வு

ஆட்டிசம் உடையோரின் மொழி குறித்த தொடக்ககாலப் பதிவுகள் அவர்தம் பேச்சையே பெரிதும் நோக்கின. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், கேட்டதையே திரும்பக் கூறுதல், தன்மை முன்னிலைப் பெயர்களை மாற்றி வழங்குதல் ஆகியன சுட்டப்பெற்றன. ஆயின் பேசுதல் வேறு. கேட்ட தொடரின் பொருளை உணர்தல் வேறு. பின்னதை அளக்கும் கருவிகளுள் டாரதி பிஷப் உருவாக்கிய இலக்கண ஏற்புச் சோதனை பரவலாக அறியப்பட்டது. 2003இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பு, தொகுதிக்கு 4 வீதம் 20 தொகுதிகளில் 80 வினாக்களைக் கொண்டது. கேட்ட தொடருக்குரிய படத்தை நான்கு படங்களுள் சுட்டினால் போதும். சிறுவர், பெரியவர் இருசாரார்க்கும் இது பயன்படும். பேச இயலாதவரும் விடையளிக்கலாம் என்பது இதன் சிறப்பு.

எனினும் இச்சோதனை ஆங்கில இலக்கணத்தின்மீது எழுந்தது. அதனை அப்படியே தமிழில் பெயர்க்க முற்படின் சிக்கல் எழும். ஆங்கிலத்தில் துரத்தியது யார் என்பதைச் சொல்வரிசை உணர்த்தும். தமிழில் ஐயுருபு உணர்த்தும். 'பூனை நாயைத் துரத்தியது', 'நாயைப் பூனை துரத்தியது' என்பன பொருளால் ஒன்றே. 'நாய் பூனையால் துரத்தப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினைத் தொடரோ பேச்சுவழக்கில் அரிது. இத்தொடரில் ஒருவர் தவறினால், அதற்குக் காரணம் இலக்கண உணர்வின் குறையா, எழுத்துவழக்கில் பழக்கமின்மையா எனப் பிரித்தறிதல் அரிது.

தமிழுக்கேற்ற சோதனைக்குத் தமிழிலக்கணமே வழிகாட்டுகிறது. பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்னும் அறுவகைப் பெயர்களையும் ஏற்கும் என்பது நன்னூலார் கருத்து. 'வெட்டிய ஆள்', 'வெட்டிய கத்தி', 'வெட்டிய பழம்' ஆகியவற்றை உலகறிவால் உணரலாம். 'நாயைத் துரத்திய பூனை', 'நாய் துரத்திய பூனை' என்னும் இரண்டையும் வேறுபடுத்த உலகறிவு உதவாது. ஐயுருபின் உண்மையும் இன்மையுமே உதவும். இத்தகைய இணைகளே இலக்கண உணர்வைத் தனித்து அளக்க வல்லன.

மதிப்பெண்ணைப் பொருள்கொள்வதிலும் கவனம் வேண்டும். படத்தைச் சுட்டாமை புரியாமைக்குச் சான்றாகாது. கவனம் சிதறுதலும் பிறர் ஏவலுக்கு இணங்காமையும் காரணமாகலாம். மேலும், ஆட்டிசம் உடையோர் அனைவரின் மொழித்திறனும் ஒரு தன்மையதன்று. 2001இல் கெல்கார்டு, டேகர்-ஃப்ளஸ்பெர்க் இருவரும் 89 குழந்தைகளிடம் மேற்கொண்ட ஆய்வில் இயல்பான மொழித்திறன் உடையோரும் மிகக் குறைந்தோரும் காணப்பட்டனர்.

பிழையான கருவி ஒருவரைப் 'புரியாதவர்' என முத்திரையிடின், அவருக்குக் கற்பிக்கும் முயற்சியே கைவிடப்படலாம். அக்கேட்டைத் தவிர்க்கும் பொறுப்பு மருத்துவர்க்கும் உளவியலார்க்கும் மட்டும் உரியதன்று. வேற்றுமையையும் எச்சத்தையும் வழக்கு வேறுபாட்டையும் அறிந்த தமிழ் இலக்கண ஆய்வாளர்க்கும் உரியதாகும்.