ஜீவனாம்சம் உண்டு, பங்கு இல்லை

ஜீவனாம்ச வழக்கில் குடும்ப நல நீதிமன்றத்தின் முன் நிற்பவை இரண்டு கேள்விகள். கணவனுக்கு என்ன வசதி? மனைவி தானாகப் பிழைத்துக்கொள்ள வழியில்லையா? கணவனின் சொத்தையும் நீதிமன்றம் பார்க்கும். தொகையை நிர்ணயிக்க மட்டும். அந்த வீடும் மனையும் யார் யார் உழைப்பில் வந்தன என்பது அங்கே கேள்வியே இல்லை. பத்திரத்தில் யார் பெயரோ, சொத்து அவருக்கு.

இந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேசிவிட முடியாது. விவாகரத்து ஆகாமலே, எந்த மதத்து மனைவியும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் மாதத்தொகை கேட்கலாம். 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவு. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்றிருந்த கேவலமான உச்சவரம்பு 2001இல் நீங்கியது. இருதரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனு போட்ட நாளிலிருந்தே தொகை கணக்காகும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒழுங்குபடுத்தியது. இந்து திருமணச் சட்டப்படி கணவனும் மனைவியிடம் கேட்கலாம்; இது பலருக்குத் தெரியாது.

சிக்கல் வசூலில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் தப்ப முடியாது. கடையோ லாரியோ வைத்திருப்பவர் கணக்கில் ஏழையாகிவிடுவார். இடைக்காலத் தொகை மனுவை 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறை வேறு. பாக்கிக்கு ஓராண்டுக்குள் மனு போடாவிட்டால் வாரண்டு கிடைக்காது. வாங்குபவரின் நடத்தையைக் காட்டித் தொகையை நிறுத்தவும் வழி இருக்கிறது. பங்கு என்றால் அதை யாரும் நடத்தை பார்த்துப் பிடுங்க மாட்டார்கள்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கேதான் முக்கியமாகிறது. கணவர் சவுதியில் சம்பாதித்தார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். வாங்கிய சொத்து யாருடையது என்பது வழக்கு. நேரமோ விடுப்போ இல்லாத வீட்டு வேலையால்தான் கணவர் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே மனைவிக்கும் சமபங்கு என்றது நீதிமன்றம். இல்லத்தரசியின் பங்களிப்பை ஏற்கும் சட்டம் இல்லை, ஏற்கக் கூடாதென்று தடுக்கும் சட்டமும் இல்லை என்ற வாதம் எனக்குப் பிடித்தது. ஆனால் அது ஒரு சொத்து வழக்கில் ஒரு தனி நீதிபதியின் தீர்ப்பு; விவாகரத்துச் சட்டம் ஆகாது.

சட்டமாக்க முயலாமலும் இல்லை. கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவை கலைந்தபோது காலாவதியானது. கோவாவில் போர்த்துகீசியர் காலச் சட்டப்படி, திருமணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் சொத்து இருவருக்கும் பொது. அங்கும் நிர்வாகம் கணவன் கையில்தான். அசையாச் சொத்தை விற்க மட்டும் மனைவியின் சம்மதம் வேண்டும்.

மணவாழ்வில் சேர்ந்த சொத்து மட்டும் பாதிப்பாதி, பூர்வீகச் சொத்து சேராது என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. அப்படி வந்தால் வீட்டுக் கடனும் பாதியாகும். கையில் வருமானமே இல்லாதவர் தன் பாதித் தவணையை எப்படிக் கட்டுவார்? ஆகவே ஜீவனாம்சத்தை எடுத்துவிட்டுப் பங்கைக் கொடுப்பதும் தீர்வாகாது. சில காலத்துக்கேனும் இரண்டும் சேர்ந்தே வேண்டியிருக்கும்.