சட்டமும் சமூக வழக்கும்

வழக்கிலிருந்து சட்டம் பிறக்கின்றதோ, சட்டத்தால் வழக்குத் திருந்துகின்றதோ என்னும் வினா பழமையானது. யாழ்ப்பாணத்து வரலாற்றில் இவ்விரண்டற்கும் சான்றுண்டு.

முதலாவது தேசவழமை. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் இந்நாட்டார் வழக்கங்களைத் திரட்டி 1707 இல் எழுத்திலமைத்தார். முதலியார் பன்னிருவர் அதனை ஆராய்ந்தனர். 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். ஈண்டு வழக்கே சட்டமாயிற்று. ஆயின், அஃது எவர் கண்ட வழக்கு? அடிமைகளைப் பற்றிய விதிகளும் அத்தொகுப்பில் உள. அவற்றை ஆராய்ந்தோர் முதலியார்களேயன்றி அடிமைகள் அல்லர்.

இரண்டாவது இதற்கு மறுதலை. 1844 இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது, தீண்டாமை ஒழிந்திலது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாகக் கோயில் முதலிய பொதுவிடங்களில் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கிற்று. பதினோராண்டு கழித்தும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார் தடுக்கப்பட்டனர்.

அங்ஙனமாயின் சட்டம் வீணோ? அன்று. வாயிலில் நின்றோர் இரந்து நின்றாரல்லர். உரிமை கேட்டு நின்றனர். அவ்வுரிமையை எழுத்தில் நிறுத்தியது சட்டம். அதற்கு உயிரளித்தது அவர்தம் போராட்டம். 1971 இல் தண்டனை கடுமையாக்கப்பட்டதும் அதன் பின்னரே.

தண்டத்துக்கு அஞ்சிக் கதவு திறத்தல் சட்டத்தின் வெற்றி. உட்புகுந்தவர் எக்குலத்தார் என ஒருவரும் வினவாமையே வழக்கத்தின் திருத்தம். முன்னையதோடு அமைந்துவிடுதல் கற்றோர்க்கு அழகன்று.