இலக்கு யாருடைய வாக்கியம்?

மருத்துவமனைப் படிவங்களையும் பிரதிகளாக வாசித்தாக வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பக்கவாதம் வந்தவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அளக்க, 1965இல் மஹோனியும் பார்தெலும் வெளியிட்ட அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பத்து அம்சங்கள், மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மலசலத்தை அடக்குவது, நடப்பது, படியேறுவது என்று போகிறது. வேலை இல்லை, அடுப்படி இல்லை, சந்தை இல்லை. நூறு வாங்கியவரால் சமைக்கவோ தனியாக வாழவோ முடியாமல் இருக்கலாம் என்று எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். புழக்கத்தில் எச்சரிக்கை உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சுகிறது.

இதைக் கம்பம் பள்ளத்தாக்கில் வைத்துப் பார்ப்போம். திராட்சைப் பந்தலுக்குக் கீழே வேலை என்றால் அண்ணாந்து கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். ஏலத்தோட்டத்துக்கு என்றால் ஜீப்பில் தொற்றி ஏறிக் குமுளி தாண்ட வேண்டும். கைகால் விழுந்துபோன ஒரு பெண்ணுக்கு, 'கக்கூஸ் வரைக்கும் நடந்தாப் போதும்' என்று குடும்பமும் மருத்துவமும் சேர்ந்து இலக்கு வைக்கின்றன. 'கத்தரி பிடிக்கணும், கொலை வெட்டணும்' என்பது அவளுடைய வாக்கியமாக இருந்தால், அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

வேறு வழி இல்லாமலில்லை. 1960களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், குந்தவும் சம்மணமிடவும் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் வேண்டும் என்ற பயனாளிகளின் தேவையிலிருந்து பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் கனடாவின் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள், எது முக்கியம் என்று நோயாளியே மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் கேட்பதாலேயே அதிகாரம் கரைந்துவிடாது. 'நீங்க பாத்துச் செய்ங்க சார்' என்று அவள் சொன்னால், ஆசை இல்லை என்று அர்த்தமில்லை. வரிசையில் நின்று நின்று கற்ற மௌனம் அது. வேலைக்குத் திரும்புவது அவள் இலக்கா, தோட்டத்தின் இலக்கா என்ற கேள்வியும் உண்டு. எட்டாதபோது, 'நீ சொன்னதுதானே' என்று பழி அவள் தலையில் விழவும் கூடும். ஆகவே இலக்கை மாற்றவும் மறுக்கவும் அவளுக்கு உரிமை வேண்டும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்திருக்கிறது. கேள்வியை அவள் திண்ணையில் வைத்தே கேட்கலாம். பதிலை ஆங்கிலத்தில் பெயர்க்காமல், அவள் சொன்ன சொல்லிலேயே கேஸ் ஷீட்டில் ஏற்ற வேண்டும். அடுத்த முறை அதைப் படித்துக் காட்டி, 'இன்னமும் இதுதானாம்மா?' என்று கேட்க வேண்டும்.