தூதும் பொருளும்: தில்லித் தமிழ்ப் புதினங்களில் இடம்பெறாத குடியிருப்பு

தொல்காப்பியம் தலைவன் பிரிவுக்குரிய காரணங்களுள் தூதினையும் பொருளினையும் வேறுவேறாக வைத்துக் கூறுகிறது. தூதிற் பிரிவு உயர்ந்தோர்க்கு உரியதாகச் சுட்டப்பெறுகிறது. பொருள்வயிற் பிரிவோ பாலைப் பாடல்களின் பெரும்பகுதியை நிரப்பி நிற்கிறது. தமிழர் தில்லிக்குப் பெயர்ந்த வரலாற்றையும் இவ்விரு பிரிவுகளைக் கொண்டு அளக்க இயலும். தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரியில், கௌடில்ய மார்க்கத்தில், தமிழ்நாடு இல்லம் அமைந்தது. அது தூதின் தில்லி. நிஜாமுதீன் தொடர்வண்டி நிலையத்தை அடுத்துப் பாராபுல்லா வடிகாலின் கரையில் 1970 அளவில் உருவான மதராசி முகாம் பொருளின் தில்லி. தமிழ்ப் புதினம் முன்னதையே தில்லி எனக் கொண்டது.

இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றியவர். ஆதவன் ரயில்வே அமைச்சகத்திலும் பின்னர் நேஷனல் புக் டிரஸ்டிலும் பணியாற்றியவர். 'காகித மலர்கள்' (1977) பசுபதி என்னும் உயர் அலுவலரின் குடும்பத்தை மையமாகக் கொண்டது. அங்கு வீடு என்பது தனித்தனி அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு வேடம். அகமுரண்பாட்டை ஆதவன் நுட்பமாகக் காட்டுவதற்கு இவ்வறைப்பிரிவே துணைநிற்கிறது. ஓரறைக் குடிசையில் ஐவர் உறங்கும் வாழ்வில் அத்தகைய தனிமைக்கு இடமில்லை. ஆகவே இவ்விடுபாட்டை ஆசிரியரின் அக்கறையின்மை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அவர் கையாண்ட புதின வடிவமே தனியறையை வேண்டி நிற்கிறது.

'சுதந்திர பூமி' (1973) வேறு வகையில் நோக்கத்தக்கது. முதுகலை பயின்ற முகுந்தன் அமைச்சர் வீட்டுச் சமையலறையில் நுழைந்து அரசியலில் உயர்கிறான். அங்கதத்தின் கூர்மை ஐயத்திற்கு இடமற்றது. எனினும் சமையற்கட்டு ஏணியாவது கல்வியும் சாதியும் உடையோர்க்கே. ஜங்புராவின் வீடுகளில் பாத்திரம் துலக்கிய மதராசி முகாம் பெண்டிர்க்குச் சமையற்கட்டு மாலையில் திரும்பி வரவேண்டிய ஓர் இடம்; திரும்பி வருவதோ சாக்கடை ஓரம்.

இவற்றினும் வியப்பிற்குரியது 'குருதிப்புனல்' (1975). 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசையுள் 44 பேர் எரிந்த கொடுமையைத் தழுவி எழுந்த இப்புதினத்தில் கோபால் தில்லியிலிருந்து தஞ்சைச் சிற்றூருக்கு வருகிறான். தில்லியிலிருந்து நோக்கிய கண்ணுக்குத் தஞ்சைக் குடிசை தெரிந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தில்லியிலேயே எழுந்த தமிழர் குடிசை அக்கண்ணுக்கு அகப்படவில்லை. தொலைவு சில வேளைகளில் பார்வையைத் தெளிவாக்குகிறது போலும்! ஜெயகாந்தன் சென்னைச் சேரியை 'உன்னைப்போல் ஒருவன்' வழியாகப் புதினத்தின் நடுவே கொணர்ந்ததையும் இங்கு ஒப்புநோக்கலாம்.

ஆய்வாளரும் இவ்விடுபாட்டை வினவவில்லை. 'தில்லி நாவல்' என்ற வகைப்பாடு நடுத்தர வர்க்க அந்நியமாதல் என்ற கருத்தாக்கத்துடன் பிணைக்கப்பட்டுப் பழகிவிட்டது. பொருள்வயிற் பிரிவு தலைவன் தனித்துச் செல்லும் பிரிவு. மதராசி முகாமுக்கு வந்தோரோ குடும்பத்துடன் வந்தனர். அங்கு வருந்தியிருக்கும் தலைவி இல்லை. தலைவியும் உழைக்கச் செல்கிறாள். பாலைத்திணை மரபும் இப்பிரிவுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்பது கருதத்தக்கது.

இம்மக்களைப் பற்றி விரிவாகக் கிடைப்பன நீதிமன்ற ஆணையும் தகுதிப் பட்டியலும் நாளிதழ்ச் செய்திகளுமே. வடிகாலின் நீரோட்டம் தடைப்படுகிறது என்ற காரணத்தால் 2025 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் அகற்ற ஆணையிட்டது. ஜூன் 1 அன்று முகாம் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளுள் 189 மட்டுமே மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதி பெற்றன. 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கையின்படி, அவ்வாண்டு சனவரிக்கு முன்பே அங்கு வாழ்ந்ததற்குச் சான்று காட்டல் வேண்டும். தலைமுறைகளாக வாழ்ந்தும் ஏடு இல்லாதார் வாழாதவர் ஆயினர். மாற்று வீடுகள் தில்லியின் வடவெல்லையான நரேலாவில் ஒதுக்கப்பட்டன. வேலைக்குச் சென்ற வீடுகள் அங்கிருந்து நெடுந்தொலைவில் இருந்தன. பிள்ளைகள் பயின்ற தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி லோதி எஸ்டேட்டில் இருந்தது. நரேலாவில் தமிழ் கற்பிக்கும் பள்ளி இல்லை என்பதே தாய்மார் பலரும் செய்தியாளரிடம் கூறிய முறையீடு.